பழைய காரில் போன் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ், அம்பாசடர் என்று வயதான வண்டிகளை விற்க மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மூரில் நிறைய. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏ.சி. வேலை செய்கிறது. பாட்டு மட்டும்தான் பிரச்சினை: பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, வண்டியிலோ கேசட் செட்டோ பழைய சி.டி. செட்டோ உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

செட்டை மாற்றியே ஆக வேண்டுமா? இருப்பதை வைத்து ஒப்பேற்ற முடியாதா?

பெரும்பாலும் முடியும். கடைக்குப் போவதற்கு முன்னால் செட்டின் முகப்பை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஹெட்போன் மாட்டும் அளவில் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் அது ஆக்ஸ், வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் வழி. உங்கள் வேலை ஒரு ஒயரோடு முடிந்தது. யு.எஸ்.பி. இருந்தால் பென்டிரைவ். இரண்டும் இல்லை, கேசட் போடும் வாய் மட்டும் இருக்கிறது என்றால் கேசட் அடாப்டர். வெறும் சி.டி. அல்லது வெறும் ரேடியோ என்றால்தான் யோசிக்க வேண்டும்.

முகப்பில் ஆக்ஸ் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2000-களில் வந்த சி.டி. செட்டுகள் பலவற்றில் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள் (ஒலி ஒயர் குத்தும் வட்ட ஓட்டைகள்) உள்ளீடாகவே இருக்கும். செட்டை வெளியே இழுத்தால்தான் தெரியும். சில செட்டுகளில் மெனுவுக்குள் போய் ஆக்ஸை 'ஆன்' செய்த பிறகே சோர்ஸ் பட்டனில் அந்தப் பெயர் வரும். அடுத்த உரிமையாளர் கையில் மேனுவல் இருப்பதில்லை என்பதால், வருடக்கணக்காக அந்த வசதி யாரும் தொடாமலே கிடக்கிறது. இரண்டு சாக்கெட்டுக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'அவுட்' என்று இருந்தால் அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வெளியீடு, அதில் போனை மாட்டினால் ஒன்றும் நடக்காது.

ஆக்ஸ் இருக்கிறது. ஆனால் என் போனில் ஹெட்போன் ஓட்டையே இல்லையே?

2016-ல் ஐபோன் 7 அதைத் தூக்கியது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். டைப்-சி போனுக்கு ஒரு குட்டி அடாப்டர் வேண்டும். அதில் இரண்டு ரகம் உண்டு என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒன்று வெறும் ஒயர் மாற்றி. போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாக அனுப்பினால்தான் இது வேலை செய்யும். இன்னொன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. சிப் உள்ளேயே இருக்கும். இரண்டாவது ரகத்தையே கேட்டு வாங்குங்கள், ஏறக்குறைய எல்லா போனிலும் ஓடும்.

போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிவைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பது எல்லாம் செட்டில் செய்யுங்கள். போனைக் குறைத்து செட்டை முழுக்கத் திருகினால் பாட்டோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் பெரிதாகும்.

ஆக்ஸில் பாட்டுப் போட்டால் பின்னணியில் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வருகிறதே, செட் கோளாறா?

செட்டில் ஒன்றும் இருக்காது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அந்தச் சத்தமும் ஏறி, விட்டதும் இறங்குகிறதா? அப்படியென்றால் அது ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) சத்தம். இப்போது போனிலிருந்து சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காரணம் பிடிபட்டது. போன், சார்ஜர் வழியாக லைட்டர் சாக்கெட்டில் ஒரு இடத்தில் எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் பாடியோடு இணைகிறது. ஆக்ஸ் ஒயர் வழியாகச் செட்டின் எர்த்தில் இன்னொரு இடத்தில் எர்த் ஆகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். அதுதான் ஆக்ஸ் ஒயர் வழியே ஓடி ஒலியாக வெளியே வருகிறது.

தீர்வு 'கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்' என்ற சிறிய உருளை. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஒலி காந்தப்புலமாகக் கடக்கும், எர்த் கடக்காது. விலை சில நூறு ரூபாய். மிக மலிவானதில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருப்பதால் பாஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சார்ஜரைக் கழற்றியும் சத்தம் போகவில்லை என்றால் செட்டின் எர்த் ஒயரான கறுப்பு ஒயரைத் துரத்துங்கள். டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு பெயிண்ட் அடித்த திருகில் சுற்றிவைத்திருப்பார்கள். பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரியும் இடத்தில் வளையம் போட்டு முறுக்கினால் பாதி கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். ஏற்ற இறக்கமாக இல்லாமல் 'டிக் டிக் டிக்' என்று வேகத்துக்கு ஏற்ப வந்தால் அது ஸ்பார்க் பிளக் பக்கத்து வேலை. பழைய பெட்ரோல் வண்டிகளில் பிளக் ஒயர்கள் கெட்டுப்போனாலோ ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டிருந்தாலோ இது வரும். அதை மெக்கானிக்கிடம்தான் சொல்ல வேண்டும்.

கேசட் அடாப்டர் என்று ஒன்று விற்கிறதே, அது உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், பலர் நினைப்பதைவிட நன்றாகவே. பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த கேசட்டின் அளவும், டேப்பைப் படிக்கும் ஹெட் உட்காரும் இடமும் கடைசிவரை மாறவில்லை என்பதுதான் இதற்குக் கைகொடுக்கிறது. அடாப்டருக்குள் டேப் கிடையாது. டேப் ஓட வேண்டிய இடத்தில் ஒரு குட்டி காந்த ஹெட் இருக்கும். போனிலிருந்து வரும் ஒலி அதில் காந்தப்புலமாக மாற, செட்டின் ஹெட் அதை டேப்பிலிருந்து வருவதாக நினைத்துப் படித்துவிடுகிறது. நடுவில் ரேடியோ அலை எதுவும் இல்லாததால் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட இது எப்போதும் ஒரு படி மேல்.

சண்டை வருவது செட்டின் இயந்திரப் பகுதியோடுதான். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட், சக்கரம் சுற்றவில்லை என்று நினைத்தால் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் அடாப்டரைத் துப்பிவிடும். இதை ஏமாற்றத்தான் நல்ல அடாப்டரில் உள்ளே பல்சக்கரங்கள் வைத்திருப்பார்கள். அந்தப் பற்கள் 'கரகர' என்று சத்தம் போட்டால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். மறுபக்கத்தை ஓட்டினால் பாட்டு வராது. பட்டனை அமுக்கித் திசையை மாற்றிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் செட்டின் ஹெட்டைத் துடையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, வாயின் தகட்டைத் தூக்கிப் பிடித்து, உள்ளே பளபளவென்று தெரியும் உலோகத்தில் மெதுவாகத் தேய்த்தால் பஞ்சு பழுப்பாக வெளியே வரும். பழுப்பு வருவது நின்றதும் நிறுத்துங்கள். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்ததெல்லாம் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். செட்டில் டால்பி பட்டன் இருந்தால் அணைத்துவையுங்கள். டால்பி முறையில் பதிவான கேசட்டுக்கான அமைப்பு அது. போன் பாட்டுக்குப் போட்டால் மேல்ஸ்தாயியை அமுக்கிவிடும்.

உள்ளே பெல்ட் அறுந்தோ மோட்டார் ஓடாமலோ போன செட்டில் அடாப்டர் வேலை செய்யாது. அந்த நிலையில் அடாப்டருக்குச் செலவு செய்யாதீர்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதையே லைட்டர் சாக்கெட்டில் குத்திவிட்டால் போதாதா?

ஊரைப் பொறுத்தது. சென்னையில் எஃப்.எம். பட்டை நெருக்கடி பிடித்த இடம். 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகிறது. உங்கள் கையடக்கக் கருவி அனுப்புவதோ மிக மிகச் சொற்பம். காலியான அலைவரிசை என்று நினைத்து வைத்தாலும் அண்ணா சாலையில் ஒரு மேம்பாலம் ஏறியதும் பக்கத்து நிலையம் உள்ளே புகுந்து பேச ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது செங்கல்பட்டில் காலியாக இருந்தது விழுப்புரத்தில் காலியாக இருக்காது.

அது போக, எஃப்.எம். ஒலிபரப்பில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு வெட்டப்பட்டுவிடும். ஓடும் காரின் இரைச்சலில் அது பெரிதாகத் தெரியாது. எரிச்சலூட்டுவது இரைச்சலும் குறுக்கீடும்தான்.

இருந்தாலும் இது ஒன்றுதான் வழி என்றால், டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு முதலில் ரேடியோவை மட்டும் 87.5-லிருந்து மெதுவாக நகர்த்துங்கள். வெறும் 'உஸ்' மட்டும் கேட்கிற, இரண்டு பக்கமும் நிலையம் இல்லாத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே டிரான்ஸ்மிட்டரை வையுங்கள். பட்டையின் கீழ் முனை பெரும்பாலும் காலியாக இருக்கும். போன் வால்யூமை முழுக்க ஏற்றாதீர்கள், ஒலி சிதறும்.

இதைவிட நல்லது ஒயர் வழி எஃப்.எம். மாடுலேட்டர். அது ஆன்டெனா ஒயருக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டப்படும். பாட்டுப் போடும்போது வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிடுவதால் வேறு நிலையம் உள்ளே வர வழி குறைவு. ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய வண்டிகளின் ரேடியோவில் மத்திய அலை (ஏ.எம்.) மட்டும்தான் இருக்கும். எஃப்.எம். இல்லாத ரேடியோவுக்கு எந்த டிரான்ஸ்மிட்டரும் உதவாது.

புளூடூத் ரிசீவர்?

ஆக்ஸ் உள்ள செட்டுக்கு இது நல்ல துணை. தரம் குறையுமே என்று கவலைப்படாதீர்கள். மணிக்கு எண்பதில் போகும் பழைய காரில் ஜன்னல் ரப்பர் போடும் சத்தத்துக்கு முன்னால் புளூடூத்தின் குறை காதில் விழாது. கவனிக்க வேண்டியது மின்சாரம். லைட்டர் சாக்கெட் சார்ஜரில் மின்சாரம் எடுத்து ஆக்ஸில் ஒலி கொடுத்தால் மேலே சொன்ன அதே எர்த் சத்தம் இங்கேயும் வரும். பேட்டரி உள்ள ரிசீவர் என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதையும் தினம் சார்ஜ் போட வேண்டும்.

யு.எஸ்.பி. செட்தான். ஆனால் பென்டிரைவைப் படிக்க மாட்டேன் என்கிறது.

பத்தில் எட்டு முறை ஃபார்மேட் (டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை) தகராறு. பழைய செட்டுகளுக்கு ஃபேட் 32 மட்டும்தான் தெரியும். இப்போது கடையில் வாங்கும் 64 ஜி.பி., 128 ஜி.பி. டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியும் 32 ஜி.பி.க்கு மேல் ஃபேட் 32 என்ற தேர்வையே காட்டாமல் விட்டுவந்தது. ஒரு 16 அல்லது 32 ஜி.பி. டிரைவை வாங்கி ஃபேட் 32-ல் போட்டுவிடுவது சுலபம். பாட்டுகள் எம்.பி.3 ஆக இருக்கட்டும். எம்.4ஏ, ஃபிளாக் எல்லாம் அந்தக் காலச் செட்டுக்குப் புரியாது.

பாட்டுப் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை; கோப்பின் பெயரையும் அதன் உள்ளே பாட்டு விவரம் எழுதியிருக்கும் டேக்கையும் ஆங்கில எழுத்தில் மாற்றினால்தான் படிக்க முடியும்.

வரிசை ஏன் கலைந்து வருகிறது என்றும் கேட்கிறார்கள். 01, 02 என்று எண் போட்டும் ஏழாவது பாட்டு முதலில் வரும். பல செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை, டிரைவில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில் ஓட்டுகின்றன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு எழுதும். டிரைவைக் காலி செய்து வரிசைப்படி ஒவ்வொன்றாக நகலெடுங்கள், அல்லது ஃபேட் பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் இலவச நிரல் ஒன்றை ஓட்டுங்கள்.

போனையே யு.எஸ்.பி.யில் குத்தினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறதே?

அப்படித்தான் ஆகும். பழைய செட் எதிர்பார்ப்பது பென்டிரைவ் போல் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரு கருவியை. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் எம்.டி.பி. என்ற வேறு முறையில் பேசுகின்றன. ஐபோன் பக்கம், 2012-ல் ஐபோன் 5 வந்தபோது 30 பின் சாக்கெட் போய் லைட்னிங் வந்தது. அதற்கு முன் வந்த 'ஐபாட் கன்ட்ரோல்' செட்டுகள் புதிய போன்களோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. அலமாரியில் பழைய ஐபாட் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் அதை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள், அந்தச் செட்டுக்கு அதுதான் பொருத்தம்.

சரி, புது செட்டே வாங்கிவிடுகிறேன். எது வாங்கலாம்?

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் என் வாக்கு, சி.டி. இல்லாத ஒற்றை டின் புளூடூத் செட்டுக்கு. டின் (DIN) என்பது செட் முகப்பின் அளவு: 180-க்கு 50 மில்லிமீட்டர் என்ற இந்த அளவு ஜெர்மானியத் தர நிர்ணயத்திலிருந்து வந்தது, பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 ஆனது. நம்மூர் பழைய வண்டிகள் பலவும் செட் இல்லாமலேயே ஷோரூமிலிருந்து வந்தவை, டீலரோ வெளிக்கடையோதான் மாட்டிக்கொடுத்தது. அதனால் அந்த ஓட்டை இந்த அளவில்தான் இருக்கும், புதியது பெரும்பாலும் அப்படியே உட்காரும். 180-க்கு 100 என்றால் இரட்டை டின். 2005-க்குப் பிறகு வந்த சில மாடல்களில், உதாரணத்துக்கு ஸ்விஃப்ட்டின் உயர் ரகத்தில், செட் டேஷ்போர்டோடு ஒட்டிய வடிவத்தில் வந்தது. அதற்கென்று ஃபிரேம் தனியாக வாங்க வேண்டும்.

சோனி, பயனியர், ஜே.வி.சி., கென்வுட் போன்றவற்றின் அடிப்படை மாடலே போதும். கைப்பேசி அழைப்புக்குத் தனி மைக் ஒயர் வருகிறதா, பின்னால் ஆர்.சி.ஏ. வெளியீடு எத்தனை ஜோடி, முகப்பு கழற்றக்கூடியதா, இரவில் டேஷ்போர்டு விளக்கின் நிறத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கடைகள் உண்டு. ஒயர், கனெக்டர், சில்லறை எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு.

பெயரே கேள்விப்படாத பெரிய ஆண்ட்ராய்டு திரையை விலை குறைவு என்று மாட்டாதீர்கள். சாவியைத் திருப்பி முதல் பாட்டு வருவதற்குள் தெருமுனை தாண்டிவிடும், ரேடியோ பிடிப்பு மோசம், சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காரில் திரை கொதிக்கும். அந்தப் பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம்.

'52 வாட் x 4' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, பழைய ஸ்பீக்கர் தாங்குமா?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84. அதாவது இழப்பே இல்லாமல், ஒலியை முழுக்கச் சதுர அலையாகச் சிதைத்து அனுப்பினால் வரக்கூடிய உச்சம் அது. சிதையாத அலைக்கு இதில் பாதி, 26-க்குள். நடைமுறை இழப்பெல்லாம் போக 17-லிருந்து 22 வாட் வரை. தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத வழக்கமான செட்டுகள் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது. ஆகவே '60 வாட்' செட் '50 வாட்' செட்டைவிடச் சத்தம் என்று நம்பிக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஸ்பீக்கர் கிழிவது பெரும்பாலும் வால்யூமைக் கடைசிவரை திருகி ஒலியைச் சிதறவிடுவதால்தான்.

ஒயரிங்கை நானே செய்யலாமா?

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் செய்யலாம். முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. மின்சாரம் சோதிக்கும் நேரத்தில் மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

புதிய செட்டிலிருந்து வரும் ஒயர்களின் நிறம் ஏறக்குறைய எல்லா கம்பெனிக்கும் பொது. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டியது. நிலையங்களும் கடிகாரமும் அதில்தான் நினைவில் நிற்கும். சிவப்பு, சாவியை ஏ.சி.சி.க்கு (இன்ஜினுக்கு முந்தைய நிலை) திருப்பும்போது மட்டும் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக்கோடு போட்டது ஆம்ப்ளிஃபயரை எழுப்ப. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக்கோடு இருந்தால் அது நெகட்டிவ். இது செட் பக்கத்து நிறம். வண்டி பக்கத்து ஒயரின் நிறத்தை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள். மூன்று கைமாறிய வண்டியில் எந்த நிறத்துக்கும் அர்த்தம் இல்லை.

வண்டி ஒயர்களைச் சோதிப்பது இப்படி: மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து கறுப்பு முனையைக் கதவுக் கீல் போன்ற வெறும் உலோகத்தில் வையுங்கள். சாவி இல்லாமலேயே 12 காட்டுவது மஞ்சளுக்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் வந்து, எடுத்ததும் பூஜ்யமாவது சிவப்புக்கு. மீதி ஜோடி ஜோடியாக இருப்பவை ஸ்பீக்கர். அதற்கு ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும்: இரண்டு ஒயரையும் நொடி நேரம் தொட்டு எடுத்தால் எந்த மூலையிலிருந்து 'டப்' என்று சத்தம் வருகிறதோ அந்த ஸ்பீக்கர். உதவிக்கு ஒருவரை வைத்து ஸ்பீக்கரின் கூம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடும்போது வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கொடுத்துவிட்டால் பாட்டு கேட்கும், ஆனால் பாஸ் காணாமல் போய்விடும். புது ஸ்பீக்கர் போட்டும் தடிமனே இல்லை என்று புலம்பும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

வண்டியின் கப்ளரை (ஒயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் பிளக்) வெட்டாதீர்கள். அந்த மாடலுக்கான அடாப்டர் கப்ளர் கிடைக்கும். ஒரு பக்கம் வண்டியில் குத்தும், மறுபக்க ஒயர்களைச் செட் ஒயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து வெப்பச் சுருக்கக் குழாய் போட்டுவிடலாம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம்மூர் வெயிலுக்கு ஆகாது, டேப்பின் பசை உருகி ஒரு வருடத்தில் அவிழ்ந்து தொங்கும். மஞ்சள் ஒயரில் செட்டோடு வந்த ஃபியூஸ் இருக்கட்டும். அது போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும், சிகரெட் தாள் சுற்றி ஓட்டுபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் ரேடியோ நிலையங்கள் அழிந்துபோகின்றன.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிக் கொடுங்கள்.

நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது, செட்தான் காரணமா?

ஒழுங்காக மாட்டிய செட் நினைவுக்காக எடுப்பது சில மில்லி ஆம்பியர். அதில் பேட்டரி இரண்டு நாளில் இறங்காது. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து நேரடி 12 வோல்ட்டில் கொடுத்திருந்தால் செட் அணையாமலே கிடக்கும். சாவி இல்லாமலும் பாட வேண்டும் என்று சிலர் கேட்டே இப்படி மாட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் ஒயரையும் மஞ்சளில் இழுத்துவிட்டால் அதுவும் இரவெல்லாம் விழித்திருக்கும்.

பழைய ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஒயர்தான் வருகிறது. எப்படி மாட்டுவது?

மாட்டக் கூடாது, புதிய ஒயர் இழுக்க வேண்டும். பழைய ரேடியோக்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியில் எர்த் ஆகியிருக்கும், அல்லது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே பொது நெகட்டிவ் ஓடும். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்ப்ளிஃபயர் தனித்தனியாக ஓட்டுகிறது. அதில் ஒன்றை பாடியில் தொடவிட்டால் செட் பாதுகாப்புக்குப் போய் அணையும், அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவு செட்டில் ஐ.சி. (ஆம்ப்ளிஃபயர் சிப்) போய்விடும்.

ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டுமா?

கிரில்லைக் கழற்றி, கூம்பின் ஓரத்து வளையத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். தூளாக உதிர்ந்தால் கேள்வியே இல்லை. கடற்கரை ஊர்களில் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிக் காய்ந்து விறைத்திருக்கும். செட்டை மாற்றுவதைவிட இரண்டு நல்ல முன் ஸ்பீக்கர் பாட்டை அதிகம் மாற்றும். கதவுக்குள் அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்டினால் இன்னும் நல்லது. பின் தட்டில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் ஜோடி வைப்பது பழக்கம். ஆனால் ஓட்டுபவருக்குப் பாட்டு முதுகுப்பக்கமிருந்து வரும், முன்னால் ஒன்றும் இல்லாமல் பின்னால் மட்டும் போடாதீர்கள்.

அம்பாசடர் வைத்திருக்கிறேன். டேஷ்போர்டை வெட்டாமல் செய்ய வழி உண்டா?

உண்டு, தயவுசெய்து வெட்டாதீர்கள். இரண்டு திருகு குமிழ் வைத்த அந்தக் கால ரேடியோவின் இடத்தில் இன்றைய செட் உட்காராது. உட்கார வைக்கத் தகட்டை அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. உத்தர்பாராவில் 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது, அசல் டேஷ்போர்டுக்கு மதிப்பு ஏறிக்கொண்டுதான் போகும்.

நல்ல வழி, பழைய ரேடியோவை அலங்காரமாக அப்படியே விட்டுவிட்டு, புளூடூத் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழோ மறைத்துவைப்பது. போன்தான் ரிமோட். இல்லையென்றால் ஒற்றை டின் செட்டை கிளவ் பாக்ஸுக்குள் வைக்கலாம். எதைச் செய்வதானாலும் பேட்டரியைப் பாருங்கள்: பாடியில் இணைந்திருப்பது நெகட்டிவ்தானா? 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். அதில் இன்றைய செட்டை யோசிக்காமல் மாட்டினால் புகைதான் வரும்.

பழைய செட்டுக்குள்ளேயே ஆக்ஸ் வைத்துத் தருகிறேன் என்கிறார் ரேடியோ மெக்கானிக். நம்பலாமா?

அனுபவமுள்ளவர் என்றால் தாராளமாக. கேசட்டிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் வரும் ஒலி எப்படியும் வால்யூம் கன்ட்ரோலுக்கு வந்து சேர வேண்டும். அங்கே நுழையும் இடது வலது தடங்களில் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஒரு பக்கம் பழைய ஒலி, மறுபக்கம் கப்பாசிட்டர் வழியாகப் போனின் ஒலி என்று மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. குமிழாகத் திருகும் வால்யூம் உள்ள செட்டில் இது எளிது. பட்டன் வால்யூம் உள்ள டிஜிட்டல் செட்டில் ஐ.சி.யின் காலைத் தேடிப் பிடிக்க வேண்டும். டேப் ஹெட் ஒயரில் நேராகக் கொடுக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஹெட்டிலிருந்து வருவது மில்லிவோல்ட்டுக்கும் கீழே. போனின் ஒலியை அங்கே கொட்டினால் கரகரப்புதான் மிஞ்சும்.

செட்டைக் கழற்றி மாட்டியதும் 'கோட்' (ரகசிய எண்) கேட்கிறது.

திருட்டைத் தடுக்க வைத்தது. ஃபோர்டு, ஹோண்டா வண்டிகள் சிலவற்றின் கம்பெனி செட்டில் பேட்டரி கழற்றினாலே கேட்கும். வண்டியோடு வந்த புத்தகப் பையில் அட்டையாக இருக்கும். இல்லாவிட்டால் செட்டின் சீரியல் எண்ணோடு சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். ஊகித்து அமுக்கிப் பார்க்காதீர்கள், சில முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பேட்டரியில் கைவைப்பதற்கு முன்பே அந்தக் கோட் எண்ணைத் தேடி எடுத்துவைப்பது நல்லது.

ஓட்டும்போது போனில் பாட்டு மாற்றினால் போலீஸ் பிடிக்குமா?

கையில் எடுத்தால் பிடிக்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. புளூடூத் செட்டின் அடுத்த பாட்டு பட்டனை அமுக்குவதில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்ஸிலும் கேசட் அடாப்டரிலும் பாட்டை மாற்ற போனைத்தான் தொட வேண்டும். கிளம்பும் முன்பே நீளமான பட்டியல் ஒன்றை ஓடவிட்டுவிடுங்கள்.

புது செட் திருடு போனால் இன்சூரன்ஸ் தருமா?

கம்பெனியில் பொருத்தாமல் நீங்களாக மாட்டியது என்றால், பாலிசியில் மின்சார உபகரணம் என்று தனியாகக் காட்டியிருந்தால்தான். அதற்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பத்தாயிரம் ரூபாய் செட்டுக்கு வருடம் நானூறு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் இறங்கும்போது முகப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.